பெரிய நாயும் சின்ன வீடும்

"டாக்டர், மூட்டுவலிக்கு மருந்து அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல எங்க வீட்டு நாயை அடக்க ஒரு வழி சொல்லுங்க!"

சின்னாளப்பட்டியில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். விசாரித்தால், மூட்டுவலிக்குக் காரணமே நாய்தான். காலையில் வாக்கிங் கூட்டிப்போன இடத்தில் எதிரே ஒரு பூனை ஓட, நாய் ஒரே இழுப்பு! அம்மா தெருவில் விழுந்து முழங்காலில் அடி. தைலம் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் தைலம் நாயைத் திருத்தாதே!

'சித்த வைத்தியருக்கும் நாய்க்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் நாய் வைத்தியம் சொல்லித் தரவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. ஆனால் நாய் இருக்கும் வீட்டின் ஆரோக்கியம் வீட்டு வைத்தியருடைய விஷயமும்தான். என் வீட்டிலேயே ஒரு பெரிய நாய் இருக்கிறது. பெயர் மணி. ராஜபாளையத்துக்கும் லாப்ரடாருக்கும் பிறந்த கிராஸ். எடை 34 கிலோ. எங்கள் வீட்டின் அளவைப் பார்த்தவர்கள் அதன் அளவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 'கிராஸ் நாய்' என்றால் மட்டம் என்ற நினைப்பு நம் ஊரில் இருக்கிறது. அது சரியல்ல. ஒரே ரத்தத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்த சுத்த ஜாதி நாய்களுக்குச் சில பரம்பரைக் குறைகள் வருவதுண்டு. வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருப்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். 2005-ல் தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நாலுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம் பெற்றது. அவ்வளவு பெருமை உள்ள நாய்க்கும் அந்தக் குறை உண்டு.

ஆனால் கிராஸ் நாயில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இரண்டு பக்கத்துச் சுபாவமும் அதனுள் இருக்கும். எது எப்போது தலைதூக்கும் என்று சொல்ல முடியாது. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய். சிப்பிப்பாறை முயலைத் துரத்தி ஓடப் பிறந்தது. லாப்ரடாரோ தண்ணீரில் விழுந்த மீன் வலையையும், சுட்டு வீழ்த்திய பறவையையும் வாயில் கவ்விக்கொண்டு வரப் பழக்கப்பட்டது. அதனால்தான் உங்கள் செருப்பும் துண்டும் அதன் வாயில் இருக்கின்றன! இத்தனை வேலைக்காரர்களின் வாரிசை ஒரு வேலையும் கொடுக்காமல் மாடிப்படிக்கு அடியில் கட்டி வைத்தால் அது என்ன செய்யும்? குரைக்கும், தோண்டும், கதவைப் பிறாண்டும். நாம் அதற்கு 'கொழுப்பு' என்று பெயர் வைக்கிறோம்.

அதிலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உள்ள காலம் இருக்கிறதே, அது நம் வீட்டுப் பிள்ளைகளின் பதினாலு, பதினைந்து வயது மாதிரி. உடம்பு வளர்ந்துவிடும், புத்தி பின்னாலே வரும். குட்டியில் சொன்ன பேச்சு கேட்டது இப்போது காது கேட்காத மாதிரி நிற்கும். நிறையப் பேர் நாயைக் கொண்டுபோய் வேறு ஊரில் இறக்கிவிடுவது இந்த வயதில்தான். ஒரு வருஷம் பொறுத்தால் அருமையான நாயாகி இருக்கும். சிறுமலை அடிவாரத்தில் கழுத்தில் பட்டையோடு திரியும் நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கட்டிப் போடலாமா?

சித்த வைத்தியத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்வோம். சிறுநீர், மலம், பசி, தாகம், தும்மல், தூக்கம் போன்றவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். இது மனிதருக்குச் சொன்னதுதான். இருந்தாலும், படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத நாயைக் காலை எட்டு மணிக்குக் கட்டிவிட்டு ஆபீஸ் போய் மாலை ஆறு மணிக்கு அவிழ்த்தால் அதன் நிலை என்ன? ஒரு நாள் நீங்கள் இருந்து பாருங்களேன்!

சட்டமும் இதைப் பேசுகிறது. 1960-ம் வருஷத்திய பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரத்துக்குக் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான அளவு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் தனிக் குற்றம். நாயை நடத்திக் கூட்டிப்போவது நம் தயவு அல்ல, கடமை என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரிய கிராஸ் நாய்க்குக் காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி நடை வேண்டும். நம் திண்டுக்கல் பக்கத்து வெயிலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுவதும் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வைகாசியில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் நாயின் காலும் அதில் வேகும். அதிகமாக மூச்சு வாங்கி, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் அது வெயில் தாக்குதல். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

நடக்கும்போது மோந்து பார்க்க விடுங்கள். 'சும்மா சும்மா நிக்குது சார்' என்று அலுத்துக்கொள்கிறார்கள். நமக்குக் காலைப் பேப்பர் எப்படியோ, அதற்கு விளக்குக் கம்பம் அப்படி! பத்து நிமிஷம் நன்றாக மோந்து பார்த்த நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுக்கும். மூக்குக்கு வேலை கொடுப்பது காலுக்கு வேலை கொடுப்பதற்குச் சமம். மழை நாளில் பழைய துண்டில் கொஞ்சம் தீனியைச் சுருட்டி வைத்துத் தேட விடலாம்.

ஒரே வார்த்தை, ஒரே குரல்

இனிப் பழக்குவது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. நாய்களின் எச்சில் சுரப்பை அளந்துகொண்டிருந்தவர், சாப்பாடு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே எச்சில் ஊறுவதைக் கவனித்தார். எதற்குப் பின்னால் எது வருகிறது என்று நாய் கணக்கு வைத்துக்கொள்கிறது. பழக்குவதன் ரகசியம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பா 'உட்காரு' என்கிறார். அம்மா 'ஒக்காருடா கண்ணா' என்கிறார். பையன் 'சிட்' என்கிறான். பாட்டி 'சீ, போ அங்கிட்டு' என்கிறார். நாய் எந்தப் பாஷையைப் படிக்கும்? முதல் நாளே வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி நாலே நாலு வார்த்தையை முடிவு செய்யுங்கள்: உட்காரு, வா, விடு, சாக்கு. தமிழிலேயே இருக்கட்டும், நாய்க்கு இங்கிலீஷ் தெரிந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

'உட்காரு' சுலபம். வேகவைத்த கோழித் துண்டோ முட்டைத் துண்டோ, பொட்டுக்கடலை அளவுக்கு எடுத்து மூக்குக்கு மேலே காட்டி, மெதுவாகத் தலைக்குப் பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை மேலே போனால் பின்பக்கம் தானே கீழே இறங்கும். உட்கார்ந்த அதே நொடியில் துண்டைக் கொடுங்கள். 'சமத்து' என்று சொல்லுங்கள். அரை நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், தினம் மூன்று வேளை போதும். அதற்குமேல் பழக்கினால் நாய்க்கும் அலுப்பு, உங்களுக்கும் கோபம்.

ஆள்மேல் பாய்வதுதான் பெரும்பாலான வீடுகளில் தலைவலி. இதற்கு விதை போட்டது நாம்தான். மூன்று கிலோ குட்டியாக இருந்தபோது காலில் ஏறினால் தூக்கிக் கொஞ்சினோம். முப்பது கிலோ ஆனதும் அதே காரியத்துக்கு அடி! அதற்கு ஒன்றும் புரியாது. கையால் தள்ளினாலும் அதற்கு அது விளையாட்டுத்தான். என்ன செய்ய வேண்டும் தெரியுமா? பாயும்போது முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பார்க்காதீர்கள், பேசாதீர்கள். நாலு காலும் தரையில் பட்டதும் குனிந்து தடவிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் நாலைந்து நாள் முன்பைவிட அதிகமாகப் பாயும்! 'நேற்றுவரை பலித்தது, இன்று ஏன் பலிக்கவில்லை' என்று இன்னும் பலமாக முயற்சி செய்கிறது, அவ்வளவுதான். அந்த நாலு நாளில் வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டுக் கொஞ்சிவிட்டால் போச்சு. 'விடாமல் பாய்ந்தால் கிடைக்கும்' என்று அது புதிதாக ஒரு பாடம் படித்துவிடும். ஆகவே முதலில் பழக்க வேண்டியது மாமனாரையும் பேரப்பிள்ளைகளையும்தான்.

கயிற்றை இழுப்பதற்கும் இதே மருந்துதான். அது இழுத்தால் நீங்கள் மரம்போல் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் தெருமுனைக்குப் போகவே கால் மணி ஆகும். பரவாயில்லை. கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டாம். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை, ஹார்னஸ் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். கயிற்றைக் கையில் பல சுற்றுச் சுற்றிப் பிடிக்காதீர்கள். மூட்டு பலவீனமானவர்களும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், நாய் பழகும் வரை வேறொருவரிடம் கயிற்றைக் கொடுப்பதே நல்லது.

'சாக்கு' என்றேனே, அது எங்கள் ஊருக்காக. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்கும் நெசவுக்கும் பெயர் பெற்ற ஊர். இன்னும் தறி ஓடும் வீடுகளில் நூலும் பாவும் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய நாய் ஒருமுறை வாலை ஆட்டினால் போதும், ஒரு நாள் கூலி போய்விடும்! ஒரு மூலையில் சாக்கை விரித்து, அதன்மேல் நாய் கால் வைக்கும்போதெல்லாம் தீனி கொடுங்கள். பிறகு படுத்தால் மட்டும் கொடுங்கள். பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் 'சாக்கு' என்றதும் போய்ப் படுத்துக்கொள்ளும். விருந்தாளி வரும்போது, சாப்பாட்டு நேரத்தில், குழந்தை தரையில் தவழும்போது இந்த ஒரு வார்த்தை வீட்டைக் காப்பாற்றும்.

'வா' என்ற வார்த்தைக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி. திட்டுவதற்காக ஒருபோதும் 'வா' என்று கூப்பிடாதீர்கள். வந்தால் அடி விழும் என்று தெரிந்தால் எந்த ஜீவன் வரும்?

அடித்துப் பழக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அடிபட்ட நாய் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும். அதிலும் முக்கியமாக, உறுமுவதற்காக அடிக்காதீர்கள். உறுமல் என்பது 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகு' என்று அது மரியாதையாகச் சொல்வது. அடித்து உறுமலை நிறுத்தினால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

பிரியாணியும் புரூபெனும்

'நாய்க்குச் சோறு ஆகாது' என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2013-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆராய்ச்சி, ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தை ஜீரணிக்கும் சக்தி பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து நம் சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு அது. சோறு, வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, கேரட் என்று உப்பு காரம் இல்லாமல் கொடுக்கலாம். வெறும் பால்சோறு மட்டும் கொடுத்தால் சத்துப் போதாது.

திண்டுக்கல் பிரியாணியின் மிச்சம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் எல்லாமே நாய்க்கு விஷம்.

இன்னொன்று. நாயின் சாதாரண உடல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி வரை இருக்கும். தொட்டுப் பார்த்து 'ஜுரம் அடிக்குது' என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ புரூபெனையோ உடைத்துப் போட்டுவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து. நம் கஷாயங்களுக்கும் இது பொருந்தும். உண்ணி போகட்டும் என்று வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் நாய் நக்கி நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். மனிதருக்கு ஆகும் மூலிகை எல்லாம் நாய்க்கு ஆகும் என்று நினைக்காதீர்கள்.

கடித்துவிட்டால்...

இந்த ஒரு பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

'ஐயா, நாய் கடிச்சிருச்சு, மூலிகைச் சாறு ஏதாவது கொடுங்க' என்று இன்றைக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். நான் மருந்து கொடுப்பதில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய் நானே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறேன். முப்பது வருஷத்தை நெருங்கும் சித்த வைத்தியன் என்ற முறையில் சொல்கிறேன். வெறிநாய்க்கடி நோயைத் தடுப்பது தடுப்பூசிதான். பச்சிலைச் சாறு, பத்தியம், மந்திரிப்பு எதுவும் அதற்கு ஈடாகாது. நோய்க்குறி வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உலகத்தில் இந்நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் தேசத்தில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நமக்கு இரண்டு நிமிஷமே பதினைந்து மாதிரித் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். கையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

'தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி' என்ற பயத்தில் கடியை மறைக்கும் குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 2004-ம் வருஷக் கடைசியோடு நம் நாட்டில் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வருவதற்கு முன், இந்த ஊசிக்காகத் தென்னாட்டுக்காரர்கள் இமயமலைப் பக்கம் கசௌலிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும் ஊசிக்கு நாம் சோம்பல் படலாமா?

'எங்க நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே' என்று உங்கள் நாயின் கடியை நீங்களே அலட்சியம் செய்யாதீர்கள். டாக்டர் முடிவு செய்யட்டும். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும். பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. நாயின் குடல்பூச்சி முட்டை மண்ணில் கலந்து குழந்தைகள் கை வழியாக வயிற்றுக்குள் போகும் என்பதால் இது உங்கள் குழந்தைக்கான மருந்தும்கூட. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் பற்றியும் கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தெருவில் விடப்படும் குட்டிகள் எல்லாம் ஏதோ ஒரு வீட்டு நாயின் பிள்ளைகள்தானே!

நாயையும் சின்னக் குழந்தையையும் தனியே ஓர் அறையில் விட்டுப் போகாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லித் தாருங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்வி. 'வீட்டில் ஒருத்தருக்கு ஆஸ்துமா, நாய் வளர்க்கலாமா?' வாங்குவதற்கு முன்னால், நாய் உள்ள ஒரு வீட்டில் அவரை நாலைந்து நாள் போய் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். இளைப்பு கூடினால் யோசனையைக் கைவிட்டு விடுங்கள். ஏற்கெனவே நாய் இருக்கிறது என்றால் படுக்கை அறைக்குள் விடாமல், தினம் வாசலில் வைத்து வேறு யாராவது முடியை வாரிவிட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்து வாருங்கள். ஆஸ்துமா மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.